மௌனப் படத்தில் கதைத்தவர்

என் பிள்ளைக்கு,

நீ சனிக்கிழமை புறப்படுகிறாய். உன் அறையில் பயணப்பெட்டி திறந்தபடி கிடக்கிறது. அம்மா அதற்குள் மிளகாய்த்தூள் பொதியை வைக்கிறாள். நீ அதை எடுத்து மேசையில் வைக்கிறாய். அவள் மறுபடியும் உள்ளே வைக்கிறாள். ஒரு சொல்கூடப் பேசாமல் நடக்கும் இந்தச் சண்டையைக் கதவடியில் நின்று பார்த்துவிட்டு, முன்னறைக்கு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொல்லலாம்தான். ஆனால் நான் கதைக்கத் தொடங்கினால் இலேசில் நிறுத்தமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். உதட்டைப் பார்த்துப் பார்த்து உன் கண் சோர்ந்துபோவது எனக்குத் தெரியும். எழுத்தென்றால் நீ விரும்பிய இடத்தில் நிறுத்தி, தேநீர் போட்டுக்கொண்டு வந்து தொடரலாம். இதை நம் தமிழ்ச் சங்கத்து மலரிலும் போடட்டுமா என்று கேட்டேன். "வாசிச்சுப்போட்டுச் சொல்லுறன்" என்றாய். மற்றவர்களும் வாசிக்கக்கூடும் என்பதால், உனக்கு நன்றாகத் தெரிந்த சிலவற்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நான் கொழும்பில் வானொலியில் செய்தி வாசித்தவன். முகம் தெரியாத ஆட்களுக்குக் குரலை மட்டும் அனுப்பிச் சம்பளம் வாங்கியவன். சிட்னிக்கு வந்து பொதி பிரிக்கும் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், வார இறுதியில் சமூக வானொலியில் கொஞ்ச நேரம் பேசாவிட்டால் அந்த வாரம் முடிந்ததாக எனக்குத் தோன்றாது. டூங்கபியில் வீடு எடுத்த வருடம், உனக்கு நாலு வயதில், மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் தப்பியது, காது போய்விட்டது. உட்காதில் எலும்பு வளர்ந்துவிட்டதால் கருவி பொருத்தியும் பயனில்லை என்றார்கள். அதற்குமுன் நீ நாள் முழுவதும் தமிழில் வாயாடித் திரிந்த பிள்ளை. பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் நல்ல மனுஷி. ஆங்கிலம் ஒன்று போதும், இரண்டு மொழி என்றால் குழந்தைக்குக் குழப்பம் என்று எங்களிடம் பதமாகச் சொன்னார். மருத்துவமனையில் தாதியாக வேலை செய்த உன் அம்மாதான் கேட்கவில்லை. "பள்ளிக்கூடத்தில இங்கிலிஷ் படிக்கட்டும், கையால கதைக்கவும் படிக்கட்டும். வீட்டில என்ர பிள்ளை என்னோட தமிழிலதான் சண்டை பிடிக்கவேணும்" என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். பின்னேரங்களில் யன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழும்படி கதிரையைப் போட்டு உட்காருவேன். எதிரே நீ உட்காருவாய். குரலை விட்டுவிட்டு வாயை மட்டும் அசைப்பேன். மீசை மறைக்கிறது என்று நீ முறைப்பட்டதும் அன்றே அதை எடுத்துவிட்டேன். கேட்டவர்களெல்லாம் மெச்சிய என் குரல் உனக்கு ஒன்றுமே இல்லை, இந்தச் சாதாரண வாய்தான் உனக்குத் தமிழ் என்பது விளங்கியபோது எனக்குக் கவலையைவிட வியப்புத்தான் அதிகமாக இருந்தது. அந்த வியப்பு இன்னும் போகவில்லை. இந்தக் கடிதம் முழுக்க அதுதான் இருக்கப்போகிறது.

இந்த வருடத் தொடக்கத்தில், பிளாக்டவுனில் ஒரு மண்டபத்தில் பழைய அமெரிக்கக் குதிரைவீரர் படங்கள் காட்டுகிறார்கள் என்று எங்களை இழுத்துக்கொண்டு போனாய். "ஊமைப் படமோ?" என்று கேட்டேன். கார்க் கதவைத் திறந்த கை அப்படியே நிற்க, என்னைத் திரும்பிப் பார்த்தாய். "ஊமை இல்லை அப்பா. எல்லாரும் கதைச்சுக்கொண்டுதான் இருக்கினம். அதைக் கேக்கத்தான் ஆக்களுக்கு வழியில்லை." மண்டபத்தில் உன் செவிப்புலனற்ற நண்பர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். காது கேட்கிறவர்களும் கேட்காதவர்களும் ஒரே அளவுக்கு விளங்கிக்கொள்ளும் ஒரே சினிமா இதுதான் என்று அதற்கு முன்னரும் நீ சொல்லியிருக்கிறாய். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு ஓடும் எழுத்து வரிகளைச் சரிபார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் உனக்கு, காட்சிக்கு நடுவே வசனத்தை எழுதிக் காட்டும் எழுத்தட்டையோடு பிறந்த இந்தப் படங்கள்மேல் பிரியம் வந்ததில் ஆச்சரியமில்லை.

படச்சுருள்களைப் பாதுகாக்கும் மார்கரெட் என்ற பெண்மணி முன்னால் வந்து, இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு மரியாதை சொன்னார். பிறகு அன்றைய சுருளின் கதையைச் சொன்னார். உள்நாட்டில் இடிக்க இருந்த ஒரு பழைய மண்டபத்தின் கூரைக்குள் அது கிடைத்ததாம். தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை, பெயரும் இல்லை. அமெரிக்காவில் எடுத்த படங்கள் ஊரூராக ஓடிக் களைத்துக் கடைசியில் வந்து சேரும் இடமாக இந்த நாடு இருந்திருக்கிறது; திருப்பி அனுப்பும் செலவுக்குப் பெறுமதி இல்லையென்று பலதை இங்கேயே விட்டுவிட்டார்கள். அங்கே அழிந்துபோனது இங்கே எலிப் புழுக்கைக்குள் உயிரோடு கிடந்திருக்கிறது. விளக்கு அணைந்தது. ஒருவர் பியானோ வாசிக்கத் தொடங்கினார்.

படம் எனக்குப் பழகின கதைதான். வண்டித்தொடரில் வரும் வெள்ளைக் குடும்பங்கள், அவர்களைச் சுற்றிவளைக்கும் 'செவ்விந்தியர்'. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அந்தச் சொல்லைத்தான் சொல்லித்தந்தார்கள். அது யார் வைத்த பெயர், அந்த மக்கள் தங்களை என்ன பெயரால் அழைத்தார்கள் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. தலைவனாக நடித்தவர் முகத்தில் மை பூசிய வெள்ளைக்காரர் என்பது தெளிவாகத் தெரிந்தது. கழுத்தில் மை முடிந்த கோடுகூடத் தெரிந்தது. நான் கொட்டாவி விட்டதைக் கண்டு என் முழங்கையை இடித்தாய். "நடுவில பாக்காதேங்கோ அப்பா. ஓரத்தில பாருங்கோ."

ஓரத்தில் பார்த்தேன். பிள்ளை, அதுவரை நான் ஒரு படத்தையும் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். மை பூசியவருக்குப் பின்னால் உண்மையான பூர்வகுடி மக்கள் தங்கள் சொந்தச் சால்வைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். தலைவன் தன் துப்பாக்கியைத் தட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு கிழவி அவனைப் பார்த்த பார்வையில் அலுப்பும் சிரிப்பும் கலந்திருந்தன. தூரத்தில் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தவன் ஒரு கறுப்பினக் குதிரைக்காரன். அவன் முகத்தைக் கமரா கிட்டத்தில் காட்டவே இல்லை, ஆனால் அந்தப் படத்தில் அவனைப் போல யாரும் குதிரையில் இருக்கவில்லை. சிரிப்புக்காக விழுந்து எழும்ப வைத்திருந்த சீனச் சமையல்காரர் ஒவ்வொரு முறை விழும்போதும் கையிலிருந்த சட்டியை ஒரு துளி சிந்தாமல் காப்பாற்றினார். வண்டியிலிருந்து ஓடும் குதிரைமேல் தாவிய பெண், தாவியபின் தன் பாவாடையைச் சரிசெய்துகொண்டு கமராவைப் பார்த்து ஒரு கணம் சிரித்தே விட்டாள். கதையில் இவர்களுக்குப் பெயர் இல்லை. கதை இவர்களைப் பற்றியதும் இல்லை. ஆனாலும் அவர்கள் அங்கே இருந்தார்கள். வெயில் அவர்கள்மேல் உண்மையாகவே அடித்தது.

அப்போதுதான் நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். தலைவனும் அவனுடைய ஆட்களும் நெருப்பைச் சுற்றி ஆலோசனை செய்யும் காட்சி. தலைவனுக்கு வலப்பக்கம் இறகுத் தொப்பியும் போர்வையுமாக ஒரு மெலிந்த கறுத்த மனிதர். அவருடைய வாய் அசைந்தது. உடனே எழுத்தட்டை வந்தது: விடியுமுன் கோட்டைக்குத் தீ வைப்போம். நீ மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாய்: "அப்பா! அந்தாள் தமிழ் கதைக்கிறார்!"

பியானோக்காரர் ஒரு கணம் தடுமாறினார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். உன் குரல் எவ்வளவு உரமாக வெளியே வருகிறது என்று உனக்குத் தெரியாது. நான் உன் கையைத் தட்டி, "பிறகு கதைப்பம்" என்று வாயசைத்தேன். உண்மையைச் சொன்னால் நான் நம்பவில்லை. பிள்ளை நாள் முழுக்க எழுத்தும் உதடுமாக வேலை செய்கிறது, கண்ணுக்குள் தமிழ் நிற்கிறது என்றுதான் நினைத்தேன்.

படம் முடிந்ததும் நீ மார்கரெட்டிடம் நேரே போனாய். போனில் தட்டி எழுதிக் காட்டினாய்: அந்த நெருப்புக் காட்சியை இன்னொருமுறை மெதுவாகப் பார்க்கமுடியுமா? அவர் மடிக்கணினியைத் திறந்தார். எழுத்தட்டையைத் தாண்டி, அந்த மனிதரின் முகத்தைப் பெரிதாக்கி, மெதுவாக ஓடவிட்டார். நீ குனிந்து, அவர் வாயோடு உன் வாயையும் அசைத்துப் பார்த்தாய். இரண்டாம் முறை. மூன்றாம் முறை. பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னாய்: "கால் உளையுது. இந்தாளைக் கொஞ்சம் தள்ளச் சொல்லு."

நான் அதை மார்கரெட்டுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார், நம்பியதாகத் தெரியவில்லை. அம்மாதான் திரையைக் கிட்டப் பார்த்தவள். நோயாளிகளின் கால் கை எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்துப் பழகிய கண். "இஞ்ச பாருங்கோ" என்று விரலை வைத்தாள். மை பூசிய தலைவனின் பெரிய முழங்கால், அந்த மெலிந்த மனிதருடைய பாதத்தின்மேல் அப்படியே அழுத்திக்கொண்டு இருந்தது. போர்வை நுனிக்கு வெளியே அவருடைய கால்விரல்கள் மட்டும் தெரிந்தன. அவை வலியில் சுருண்டிருந்தன.

மார்கரெட் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு அந்தத் துண்டைத் தானே மறுபடி ஓடவிட்டார். நூறு வருடத்துக்கு மேலாக அந்த மனிதர் தன் கால் உளைகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். காது கேட்கிற உலகத்தில் ஒருவருக்கும் அது கேட்கவில்லை. டூங்கபியில் வளர்ந்த, காது கேளாத என் பிள்ளைக்குக் கேட்டது.

அங்கே 'இந்தியன்' வேண்டுமென்று தேடியவர்கள், துறைமுகத்திலோ தோட்டத்திலோ நின்ற ஒருவரைக் கண்டு, நீ இந்தியன்தானே, வா என்று ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள் என்று மார்கரெட் பிறகு சொன்னார். ஊகம்தான். இறகை வைத்து, போர்வையைப் போர்த்தி, இன்னொரு மக்களின் இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த மக்களே பின்வரிசையில் இருக்க, முன்னால் ஒரு வெள்ளைக்காரரும் ஒரு தமிழரும் அவர்களாக நடித்திருக்கிறார்கள். நம் ஆள் என்று நான் பூரித்த அதே நேரத்தில், நீ அதையும் எனக்குச் சொன்னாய். "அந்த இடம் அவையின்ர இடம் அப்பா. இவர் அதிலதான் இருக்கிறார். ரெண்டையும் சேர்த்துத்தான் பாக்கவேணும்." என் வயதில் ஒருவனுக்கு இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது எளிதில்லை. உன்னால் முடிகிறது. போகிற இடத்திலும் அதை விட்டுவிடாதே.

பிறகு மீதிச் சுருளையும் மார்கரெட் உனக்குப் பிரதி எடுத்துத் தந்தார். வார இறுதிகளில் நம் சாப்பாட்டு மேசையில் நீயும் உன் மடிக்கணினியும்தான். சண்டைக் காட்சியில் அந்த மனிதர் குதிரையிலிருந்து சுடப்பட்டு விழுகிறார். விழும்போது கத்துகிறார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "அம்மா எண்டாரோ அப்பா எண்டாரோ தெரியேல்லை. உதட்டில ரெண்டும் ஒண்டுதான்" என்றாய். நான் கண்ணாடி முன்னால் போய்ச் சொல்லிப் பார்த்தேன். உண்மைதான். இத்தனை வருடம் உன் முன்னால் வாயசைத்தவனுக்கு அது தெரியாது. "அப்ப சின்னனில எங்களை எப்பிடிப் பிரிச்சு அறிஞ்சனீ?" என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாய். "பிரிக்கேல்லை. எனக்கு ரெண்டு பேருக்கும் ஒரே பேர்தான்." அம்மா குசினிக்குள் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த துண்டைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்தோம். சண்டை முடிந்துவிட்டது. புழுதி அடங்குகிறது. செத்தவர்கள் கிடக்கிறார்கள். அந்த மனிதர் மல்லாக்கக் கிடக்கிறார். அவருக்குப் பக்கத்தில், தலையோடு தலை வைத்தாற்போல, உண்மையான பூர்வகுடிக் குதிரைக்காரன் ஒருவன் கிடக்கிறான். நாயகன் தூரத்தில் நாயகியை அணைக்கிறான், எல்லோருடைய கண்ணும் அங்கேதான் இருந்திருக்கும். கீழ் மூலையில், செத்துக்கிடக்கும் நம் மனிதரின் உதடு அசைகிறது. நீ படித்துவிட்டுச் சிரித்தாய். சிரிப்பு நிற்கமுன் உன் கண் கலங்கிவிட்டது.

"செத்திட்டன். எழும்பட்டோ?"

அன்றைக்கு முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. செத்துத்தான் போனார் அந்த மனிதர். எந்த ஊரில், எந்த வருடம், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அவர் நம்மைப் பார்த்துக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி வந்து சேர்ந்தது நம் மேசைக்கு.

அதோடு நான் அவசரப்பட்டுப் பிழைவிட்டதையும் எழுதுகிறேன். 'எழும்பட்டோ' என்று ஓகாரத்தில் முடிவதால் அவர் நம் ஈழத்து ஆள்தான் என்று வானொலிக்கு ஒரு உரை எழுதினேன். அமெரிக்கப் படத்தில் நடித்த முதல் தமிழ் நாயகன் என்று சங்கத்தில் ஒரு அங்கிள் பட்டமே கொடுத்துவிட்டார். நீ உரையை வாங்கி வாசித்தாய். பேனாவை எடுத்து 'முதல்' என்பதை வெட்டினாய். 'நாயகன்' என்பதை வெட்டினாய். 'ஈழத்து' என்பதையும் வெட்டினாய். "அவர் கால் உளைஞ்ச ஒரு மனுசன் அப்பா. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அதுவே காணும்." அந்த உரை இன்னும் ஒலிபரப்பாகவில்லை. நீ விட்டுவைத்த சொற்கள் குறைவு, ஆனால் அவற்றில் ஒன்றும் பொய் இல்லை.

அமெரிக்காவுக்கு எழுதுமுன், நீ கண்டதை அறியாத இன்னொருவரும் உதட்டைப் படிக்கவேண்டும் என்று மார்கரெட் கேட்டார். தமிழ் உதடு படிப்பவரை எங்கே தேடுவது? உன் நண்பர்களின் நண்பர் வழியாகத்தான் சாந்தி கிடைத்தார்: மலேசியத் தமிழ்ப் பெண், சிறுவயதில் காது போனவர், பல் கட்டும் ஆய்வுகூடத்தில் வேலை, வீடு கிரெய்கிபர்னில். நெடுஞ்சாலையில் நாங்கள் மூவரும் காரில் போனோம். மெல்பேர்ண் தொடங்கமுன்பே அவருடைய வீடு வந்துவிட்டது. தேநீர் தந்தார். நீங்கள் இருவரும் கையால் கதைத்த வேகத்தைப் பார்த்துக்கொண்டு நானும் அம்மாவும் இரண்டு ஊமைகள் போல உட்கார்ந்திருந்தோம். பிறகு நீ மடிக்கணினியை அவரிடம் தந்துவிட்டு, முகத்தில் ஒன்றும் தெரிந்துவிடக்கூடாது என்று எழுந்து யன்னலடிக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய்.

சாந்தி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பற்களையும் வாயையும் நாள் முழுக்கப் பார்க்கிற தொழில். அந்த உதட்டை அவர் பார்த்த விதமே வேறு. கடைசியில் போனில் தட்டி எங்களிடம் நீட்டினார். 'காலு வலிக்குது' என்று முதல் காட்சிக்கு. அடுத்ததற்கு: 'செத்துட்டேன். எழும்பட்டா?'

நீ திரும்பி வந்து வாசித்தாய். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு வாக்குவாதம் தொடங்கியது. ஓகாரம் என்று நீ உதட்டைக் குவித்துக் காட்டினாய். இல்லை, ஆகாரம் என்று அவர் வாயைத் திறந்து காட்டினார். புழுதி, பழைய படம், ஒரு கீறல் சரியாக அந்த உதட்டின்மேல். இருவரும் தங்கள் வீட்டு வாயையே அதில் கண்டீர்களோ என்னவோ. அம்மா என் காதுக்குள் சொன்னாள், "எந்த ஊர் ஆளெண்டாலும் இருக்கட்டும். செத்திட்டன் எண்டு சொன்னது நிச்சயம்." நீ அறிக்கையில் இரண்டு வாசிப்பையும் எழுதி, முடிவு தெரியாது என்று போட்டாய்.

திரும்பி வரும் வழியில் எனக்கு ஒரு கேள்வி வந்தது. வானொலிக்காரன் மட்டும்தான் யாரும் இல்லாத அறையில் வாய் திறப்பான். மற்ற மனிதர்கள் கேட்க ஒருவர் இருந்தால்தான் பேசுவார்கள். "சொல்லு" என்கிறார், "எழும்பட்டோ" என்று கேட்கிறார். யாரிடம்? பெற்றோல் போட நிறுத்திய இடத்தில் உன்னிடம் கேட்டேன். உன் முகம் மாறியது. இன்னொரு தமிழர் அங்கே இருந்திருக்கவேண்டும் என்று நாம் இருவரும் முடிவு கட்டினோம். அதன்பிறகு எத்தனையோ பின்னேரம் அந்தச் சுருளில் இன்னொரு தமிழ் வாயைத் தேடினாய். வண்டிக்காரர்களில் தேடினாய், குதிரை பிடிப்பவர்களில் தேடினாய். கிடைக்கவில்லை.

அதற்கிடையில், பின்னால் தெரியும் மலைகளை வைத்துப் படம் எடுத்த இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு அண்மையில் வாழும் பூர்வகுடி மக்களுக்கு மார்கரெட் எழுதியிருந்தார். அவர்களுடைய மொழியைக் கற்பிக்கும் ரூத் என்ற ஆசிரியை பதில் போட்டார். அவரும் நடுவயதில் காது இழந்தவர், உதடு படிப்பவர். படத்தை முதலில் தங்கள் ஆட்கள் எல்லோரும் பார்க்கவேண்டும், அதுவரை எங்கள் இனத்தின் பெயரை வெளியே போடாதீர்கள் என்று கேட்டிருந்தார். அதனால்தான் இங்கேயும் நான் எழுதவில்லை. அவர் சொன்ன செய்திகள் ஒவ்வொன்றாக வந்தபோது நாம் சாப்பிட மறந்து வாசித்தோம். தலைவனைப் பார்த்து அலுத்துக்கொண்ட கிழவி, அவனுடைய இறகுத் தொப்பி தலைகீழாக இருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்கிறாளாம். வீரமுழக்கம் என்று எழுத்தட்டை போட்ட இடத்தில் ஒரு இளைஞன் தன் குதிரைக்கு ஒரு தாலாட்டைச் சொல்கிறானாம். அந்தத் தாலாட்டு அவருடைய வீட்டில் இன்றும் இருக்கிறதாம்.

இரண்டு கிழமைக்கு முன் அவரோடு காணொளியில் பேசியது உனக்கு நினைவிருக்கும். நானும் அம்மாவும் உனக்குப் பின்னால் நின்றோம். திரையின் கீழே ஆங்கில எழுத்து வரிகள் ஓடின. செத்தவர்கள் கிடக்கும் காட்சியில், நம் மனிதருக்குப் பக்கத்தில் கிடந்த குதிரைக்காரனும் வாயசைக்கிறான் என்று ரூத் சொன்னார். "முதல் பாதி எங்கள் மொழி. 'உன் வயிறு ஆடுகிறது, மூச்சைப் பிடி' என்கிறான். ஆனால் கடைசியில் ஒரு சொல். அது எங்களுடையது இல்லை. ஆங்கிலமும் இல்லை. நான் எல்லோரிடமும் கேட்டுவிட்டேன்." பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கமராவுக்குக் கிட்ட வந்து, அந்தச் சொல்லைத் தன் வாயால் செய்து காட்டினார். உதடு மூடியது. திறந்து குவிந்தது. குவிந்தபடியே நின்றது.

நான் உன் தோளைத் தொட்டேன். அந்த மனிதனின் வாயை நீ ஒருநாளும் தமிழுக்காகப் பார்த்ததில்லை. அவன் தமிழன் இல்லையே. மெல்ல என் பக்கம் திரும்பினாய்.

"பொறு" என்றாய். "அப்பா, அவன் 'பொறு' எண்டு சொல்லுறான்."

அன்றைக்கே சாந்திக்கும் அந்தத் துண்டை மட்டும் அனுப்பினாய், ஒன்றும் சொல்லாமல். அவருடைய பதில் ஒரே சொல்லாக வந்தது. அதேதான்.

இன்னொரு தமிழர் அங்கே இருக்கவில்லை, பிள்ளை. ஒரு நண்பன் இருந்திருக்கிறான். அந்த வெயிலில், ஆளையாள் சாக வைத்து எழுப்பும் அந்த வேலையில், எத்தனை நாள் பக்கத்துப் பக்கத்தில் செத்துக் கிடந்தார்களோ. தன் மக்களின் வேடத்தில் வந்து உட்கார்ந்த ஒருவனை அவன் வெறுத்திருக்கலாம், வெறுக்க நியாயமும் இருந்தது. அவன் அவருடைய மொழியில் ஒரு சொல்லைக் கற்றிருக்கிறான். அவரும் அவனுடைய மொழியைக் கற்றிருக்கவேண்டும். இல்லாவிட்டால் வயிறு ஆடுகிறது என்று அவன் ஏன் தன் மொழியில் சொல்கிறான்? படம் எடுத்தவர்களுக்கு அது தெரியாது. எழுத்தட்டை எழுதியவர்களுக்குத் தெரியாது. என் அறுபத்தைந்து வயதில் கோயில்களில் நின்றிருக்கிறேன், மலைகளைப் பார்த்திருக்கிறேன், உன்னைக் காய்ச்சலிலிருந்து திருப்பிப் பெற்றிருக்கிறேன். ஆனாலும் அன்றைக்கு அந்த மேசையடியில் கண்டதைப் போல ஒன்றை நான் கண்டதில்லை.

இப்போது அமெரிக்காவில் நீயும் ரூத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து அந்தச் சுருள் முழுவதையும் படிக்கப்போகிறீர்கள். ஒரு வருடம் ஆகலாம் என்கிறாய். அங்கே உன்னைப் பார்த்து எல்லோரும் கண்டுபிடித்தவள் என்பார்கள். நீ எனக்குச் செய்ததையே அவர்களுக்கும் செய், பேனாவை எடுத்து வெட்டு. தெரியாத இடத்தில் தெரியாது என்று போடு. அந்த மக்களின் வீட்டில் நீ விருந்தாளி என்பதை மறக்காதே. ஒரு சொல்லைப் படித்துவிட்டால் அதை முதலில் அவர்களிடம் கொடு, பிறகு உலகத்துக்கு. களைத்தால் கண்ணை மூடிக்கொண்டு இரு, ஒருவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அம்மாவுக்கு முகத்தைக் காட்டிக் கதை, குறுஞ்செய்தி அவளுக்குப் போதாது. மிளகாய்த்தூளைக் கொண்டுபோ.

எனக்காகவும் ஒன்று செய். போய்ச் சேர்ந்த முதல் நாளே ரூத்திடம், அவர்களுடைய மொழியில் 'பொறு' என்பதற்கு என்ன சொல் என்று கேள். கேட்டுவிட்டுக் காணொளியில் வா. உதட்டை நன்றாக வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லு; நானும் அம்மாவும் முன்னால் உட்கார்ந்து பார்த்துப் பழகுகிறோம். அந்த மனிதன் எங்களுடைய மொழியில் ஒரு சொல் படித்தவன். நாங்கள் இன்னும் அவனுடைய மொழியில் ஒன்றும் படிக்கவில்லை.

உன்
அப்பா